விழுந்து இரண்டு சிரித்தோம்

எழுத்து ஒரு தவம் என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். தவம் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். நான் பத்திரிகைக்கு எழுதப் புகுந்தது ஊர் சுற்றுவதற்காக. இதைச் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் சுருங்கிப் போகிறது. இன்னும் உயர்வாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிறார்கள். உயர்வாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ரயிலில் ஏற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், ஜொகூர்ப் பக்கத்து லாயாங் லாயாங் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டு, ரயில் சிங்கப்பூருக்கே நேராகப் போகத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். என் வீட்டுக்காரர் அந்த ஸ்டேஷனில் டிக்கெட் கிளார்க். கல்யாணமாகி நான் அங்கே போனபோது, ரயில் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. ரயில் வரும், நிற்கும், ஊதிவிட்டுப் போய்விடும். நான் மட்டும் வாசலிலேயே நிற்பேன். பலகாரக் கடைக்குப் பக்கத்து வீட்டில் பட்டினி கிடப்பதுபோல இருந்தது.

ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு இலவச பாஸ் உண்டு. ஆனால் என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாங்கமாட்டார். நல்ல மனிதர், அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. குரல் உயர்த்திப் பேசியதில்லை. சோறு குழைந்தாலும் குற்றம் சொன்னதில்லை. அவரிடம் ஒரே ஒரு கோளாறு. எதற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்து, பயணம் என்றால் சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று அவர் மனசில் பதிந்துவிட்டது.

"எதுக்குப் போகணும்? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்பார்.

"யாரும் இல்லீங்க. போய்ப் பாத்துட்டு வரலாம்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? இங்கயும் ரப்பர் மரம், அங்கயும் ரப்பர் மரம்."

ஜொகூரில் ரப்பர் மரம் இல்லாத இடத்தைக் காட்டு என்றால் நான் எங்கே போவேன்?

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு மலாய்க்காரக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுவார்கள். அத்தை, சித்தி என்று நாம் சொல்வதுபோல. மக்சிக்கின் புருஷன் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தார். மக்சிக் நினைத்தால் கிளம்பிவிடுவாள். குளுவாங் போவாள், ரெங்கம் போவாள், சாயங்காலம் திரும்பி வருவாள். எதற்குப் போனீர்கள் என்று கேட்டால் 'மாக்கான் ஆங்கின்' என்பாள். அப்படியென்றால் காற்றுத் தின்னப் போனேன் என்று அர்த்தம். உல்லாசமாக ஊர் பார்த்து வருவதற்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. காற்றைத் தின்பதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மலாய் எழுத்தில் இன்னொரு வேடிக்கையையும் அவள்தான் எனக்குக் காட்டினாள். எங்கள் ஸ்டேஷனுக்கு வரும் மூட்டைகளிலும் பெட்டிகளிலும் ஊர்ப் பெயரை 'லாயாங்2' என்று சாக்கட்டியால் எழுதியிருப்பார்கள். ஏதோ இரண்டாம் நம்பர் லாயாங் போலிருக்கிறது, முதல் லாயாங் எங்கே இருக்கிறது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. மக்சிக் சிரித்துவிட்டுச் சொன்னாள். ஒரு சொல் இரண்டு தடவை வந்தால் மலாய்க்காரர்கள் அதைத் திருப்பி எழுதமாட்டார்கள், பக்கத்தில் 2 போட்டுவிடுவார்கள். படிக்கும்போது இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியது. மை மிச்சம், கை மிச்சம். இப்படி ஒரு சாமர்த்தியம் நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ் மாதப் பத்திரிகைக்கு நான் அப்போது பெண்கள் பகுதியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். மிளகுக் குழம்பு, ஊறுகாய், பிள்ளை வளர்ப்பு. எனக்கு அப்போது பிள்ளையே கிடையாது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவ்வளவு தெளிவாக நான் எழுதியது அந்தக் காலத்தில் மட்டும்தான். அதைப் படித்துவிட்டோ என்னவோ, பத்திராதிபரிடமிருந்து ஒரு நாள் தகவல் வந்தது. அவருடைய தமிழ் எப்போதும் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டுதான் வரும். ஜொகூர் நாட்டிலுள்ள ஏதேனும் ஓர் ஊருக்குத் தாங்கள் சென்று வந்து பிரயாண வியாசம் ஒன்று வரைந்தனுப்பினால், வாசகர்கள் விரும்பும் பட்சத்தில் மாதந்தோறும் ஒரு பக்கம் தங்களுக்கென்றே ஒதுக்கப்படும் என்று எழுதியிருந்தார்.

கையில் கரண்டியோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். டிக்கெட் ஜன்னலில் யாரும் இல்லை. காகிதத்தை உள்ளே தள்ளினேன். அவர் அதை ரயில்வே உத்தரவு மாதிரி நிதானமாகப் படித்தார்.

"பத்திரிகையில கேக்கறாங்களா?"

"கேக்கறாங்க."

"அப்ப போய்த்தான் ஆகணும். கேட்டா போ. கேக்கலைன்னா வீட்ல இரு."

அன்று அவர் வாயிலிருந்து வந்தது எனக்குச் சட்டமாகிவிட்டது. அந்தப் பக்கம் கிடைத்தால் மாதம் ஒரு ஊர். கிடைக்காவிட்டால் மறுபடியும் வாசலும் ஊதலும் ஊறுகாயும். இலக்கியத்துக்காக உயிரைக் கொடுக்கிறவர்கள் இருக்கலாம். நான் அந்த ஒரு பக்கத்துக்காக எதையும் கொடுத்திருப்பேன்.

"நீங்களும் வாங்களேன்" என்றேன்.

"நான் வந்தா டிக்கெட்டு யாரு குடுப்பா?" என்று ஜன்னலுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

மக்சிக்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு அழைப்பு வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எந்த ஊர் என்று முடிவு செய்தது நான். பாலோ. அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெயருக்காகத்தான். ஸ்டேஷன் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ கூஜாவை எட்டிப் பார்த்துவிட்டு 'பாலோ?' என்று கேட்பதுபோல எனக்குத் தோன்றும்.

ரயில் ரெங்கத்தைத் தாண்டியதும் கச்சாங் பூத்தே விற்கிறவர் ஒருவர் கூடையோடு எங்கள் பெட்டிக்குள் வந்தார். நம் ஆள்தான். கடலையைப் பொட்டலம் மடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"பாலோ."

"பாலோ மோரோ, எனக்கு எப்படிம்மா தெரியும்? ஊருப் பேரச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மக்சிக் என்ன என்ன என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அரைகுறை மலாயில் விளக்கினேன். மலாயில் சூசு என்பதற்குத் தமிழில் பால் என்று பெயர், கேள்வியாகக் கேட்டால் பாலோ. புரிந்ததும் அவள் கடலையை மடியில் கொட்டிவிட்டாள். குளுவாங் வரைக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். பார்த்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

பாலோவில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு தெரு, இரண்டு பக்கமும் பலகைக் கடைகள், நடுவில் மாட்டு வண்டிகள் உழுதுவிட்ட சேறு. அவ்வளவுதான் ஊர். இருந்த ஒரு குடையை இருவரும் பிடித்துக்கொண்டு நடந்தோம். மக்சிக்கின் செருப்பு ஒன்று சேற்றுக்குள் போய் வரமாட்டேன் என்றுவிட்டது. நான் குனிந்து இழுத்தேன். அவள் என்னைப் பிடித்து இழுத்தாள். வார் மட்டும் கையோடு வந்தது. "அலமாக்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

ஒரு சீனர் கோப்பிக் கடையில் ஒதுங்கினோம். பால் விட்டு இரண்டு கோப்பி கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார். டின் பால் தீர்ந்துவிட்டதாம். "கோப்பி ஓ சஜா லா" என்றார். கோப்பி ஓ என்றால் பால் விடாத கறுப்புக் கோப்பி. சீனத்தில் ஓ என்றால் கறுப்பு. அதை வாயில் வைக்கப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. கோப்பி ஓ கறுப்புக் கோப்பி என்றால், பால் ஓ? கறுப்புப் பால்! இந்த ஊருக்கே கறுப்புப் பால் என்றுதான் பெயர்! இதை நான் மக்சிக்கிடம் சொல்ல, அவள் கடைக்காரரிடம் சொல்ல, அவர் சமையல்கட்டிலிருந்த மனைவியிடம் சீனத்தில் சொல்ல, உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி வந்தது பாருங்கள், நான் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். நான்கு பேர், மூன்று பாஷை, ஒரே ஒரு பால். அதுவும் இல்லை.

ரயில் வரும் நேரத்துக்குப் பீசாங் கோரேங் கடை கண்ணில் பட்டது. வாழைப்பழத்தை மாவில் தோய்த்து அப்போதுதான் பொரித்து எடுத்தார்கள். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு, வாயைச் சுட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்தில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஸ்டேஷன் மாஸ்டர் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், மீசையே உத்தரவு போடும். சேறும் சகதியுமாக, ஒருத்தி ஒற்றைச் செருப்போடு, நாங்கள் வந்த கோலத்தை அவர் ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனோம்.

மறுநாள் காலையில் எழுத உட்கார்ந்தேன். தபால் ரயில் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த மாதிரி நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை என்றுகூடச் சொல்லலாம். மனசு முன்னால் ஓடுகிறது, கை பின்னால் மூச்சு வாங்குகிறது. எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சந்தோஷம் வந்தால் நம் பாஷை ஒற்றையாக நிற்பதில்லை. சிரித்துச் சிரித்து, ஓடி ஓடி, குடுகுடு, விடுவிடு, சலசல என்று ஜோடி போட்டுக்கொண்டுதான் வருகிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுதிக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும். எனக்குத்தான் இப்போது உபாயம் தெரியுமே! சிரித்து2, மெல்ல2, குடு2, சல2 என்று எழுதித் தள்ளினேன். பத்திராதிபர் படித்தவர், மலாய் நாட்டில் வருஷக்கணக்காக இருப்பவர், அவருக்குத் தெரியாதா என்ன? கட்டுரையை உறையில் போட்டு ஒட்டும்போது எனக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. குடித்தவர்களுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லக் கேள்வி.

பத்திரிகை வந்தது. மாவுக் கையோடு பிரித்தேன். கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே என் வியாசம். அதிலிருந்து ஒரு பகுதியை அச்சானபடியே தருகிறேன்.

'மழை சல இரண்டு என்று பிடித்துக்கொண்டது. சேற்றில் மெல்ல இரண்டு நடந்தோம். மக்சிக்கின் செருப்பு ஒன்று போய்விட்டது. விழுந்து இரண்டு சிரித்தோம். பாலோ என்று பெயரே தவிர ஊரில் ஒரு சொட்டுப் பால் இல்லை. ஆகவே கறுப்புக் கோப்பியை ஊதி இரண்டு குடித்தோம். பலகாரக் கடையைக் கண்டதும் குடு இரண்டு என்று ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, விடு இரண்டு என்று நடந்தோம்.'

அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டுரையில் வரும் எண்களை எழுத்தால் அச்சிடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கமாம். அச்சுக் கோத்தவர் வழக்கத்தைக் கடைப்பிடித்துவிட்டார், பாவம். போயிற்று. பக்கம் போயிற்று, மாதம் ஒரு ஊர் போயிற்று.

சாப்பிட வந்த வீட்டுக்காரர் பத்திரிகையை எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செருப்பு ஒண்ணுங்கற, சிரிப்பு ரெண்டுங்கற. போன எடத்துல எல்லாத்தையும் எதுக்கு எண்ணிட்டிருந்த?"

நான் அழுதுகொண்டே 2 கதையைச் சொன்னேன். அவர் ரசத்தைக் குனிந்து குடித்தார். குனிந்தே இருந்தார். தோள் மட்டும் கொஞ்சம் ஆடியதுபோல எனக்குப் பட்டது. புரையேறியிருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வந்தபோது கூத்து ஆரம்பித்தது. ஒரு பத்திரிகையை ஒருவர் வாங்கினால் பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பதுதான் அன்றைய வழக்கம். பிளாட்பாரத்துப் பெஞ்சில் ஒருவர் என் வியாசத்தைப் படிக்க, சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"பட்டணத்துல இப்ப இப்படித்தான் எழுதறாங்களாம். புது மாதிரி."

"புது மாதிரியோ பழைய மாதிரியோ, ஸ்டேசன் மாஸ்டருக்கே விடு ரெண்டுன்னு சொல்லிருக்கு பாரு அந்தம்மா! தைரியசாலிலா!"

'விடு ரெண்டு' என்றால் நம் ஜனங்களுக்கு வேறென்ன அர்த்தம்? கன்னத்தில் இரண்டு அறை விடு என்றுதான் அர்த்தம். நான் கதவிடுக்கில் நின்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு விட்டார்களா? டிக்கெட் ஜன்னலுக்கு வருகிறவர்கள் எல்லாம் கையை நீட்டி, "குளுவாங்குக்குக் குடு ரெண்டு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். ஒற்றை ஆளாகப் பயணம் போகிறவர்கள்கூட முதலில் அப்படிக் கத்திவிட்டு, சிரித்து முடித்து, பிறகு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் அவர் என்ன பாடுபடுகிறாரோ என்று நான் ஸ்டேஷன் பக்கமே தலைகாட்டவில்லை.

அந்த வாரமே பத்திராதிபரின் தகவலும் வந்தது. வாசகர்கள் தங்கள் வியாசத்தைப் பெரிதும் ரசித்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்திருந்தார். என் நெஞ்சு குதித்தது. ஆயினும், என்று அடுத்த வரி. பாலோ ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து கடுமையான கண்டனம் ஒன்று வந்திருக்கிறதாம். அக்கனவான் சமாதானம் அடைந்ததாகத் தெரிவிக்கும்வரை தங்கள் பக்கத்தைத் தொடங்க இயலாதென வருந்துகிறோம்.

"அவரு எனக்கு மேல உள்ள கிரேடு" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் பாலோவுக்குத்தான் போக வேண்டும். பத்திரிகை கேட்காமல் நான் எப்படிப் போவேன்?

நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மத்தியான ரயிலில் அந்த மீசையே வந்து இறங்கியது. ஜன்னலில் விசாரித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் முன்னால் வர, அவர் பின்னால் வர, நான் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"பத்திரிகைக்கு எழுதிற பிள்ளை நீர்தானோ?"

"ஐயா, அது விடு ரெண்டு இல்லீங்கய்யா. விடுவிடுன்னு நடந்தோம், வேகமா நடந்தோம், அதத்தான் எழுதினேன். மலாய்க்காரங்க ரெண்டு போடுவாங்க இல்லீங்களா, அது மாதிரி..." என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

"அதை விடும் பிள்ளை" என்றார் அவர். நாற்காலியில் உட்கார்ந்து கோட்டுப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். ஒரு வரியின் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன?"

படித்தேன். பாலோ என்று பெயரே தவிர ஊரில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

"ஒரு சொட்டுப் பால் இல்லையெண்டு ஆர் உமக்குச் சொன்னது? எங்கட வீட்டில பசு நிக்குது. ஸ்டேஷனுக்குப் பின்னால, கண்ணுக்கு முன்னால நிக்குது. நீர் அதையும் தாண்டித்தான் நடந்தனீர்."

அவர் குரல் உடைந்தேவிட்டது.

"உந்தப் பத்திரிகையை வாசிச்சுப்போட்டு லைன் முழுக்க என்னட்டைக் கேக்குது, மாஸ்டர், உங்கட மாடு காளையோ எண்டு!"

கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. யானைக்குத் தும்மல் வந்ததுபோல. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாயைப் பொத்தியிருக்கிறார், கண்ணில் தண்ணீர் வழிகிறது. பெரிய கிரேடுக்காரரின் எதிரில் அவர் அப்படிச் சிரித்ததைக் கண்டு நான் பயந்தே போனேன். ஆனால் நிறுத்த அவரால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். "காளையோன்னு கேட்டாங்களா!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவருடைய சிரிப்பு எந்த மாதிரி இருக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஆசை வந்தது, சொல்லக் கூச்சமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மீசையை இரண்டு தரம் தடவினார். பிறகு அந்த மீசையும் நடுங்க ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மக்சிக், விஷயம் என்னவென்றே தெரியாமல், எங்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். நான் பாலோவுக்கு வந்து, அவர் வீட்டுப் பாலைக் குடித்து, ஊரில் பால் உண்டு என்று எழுதித் தர வேண்டும். அதன் பிறகே அவர் சமாதானம்.

"இவரும் வரவேணும்" என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார். "சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். ஒரு நாளைக்கு ரிலீஃபுக்கு ஆளை நான் கேட்டுத் தாறன்."

அப்படித்தான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாக வடக்கே போகிற ரயிலில் ஏறினார். நம்புவீர்களோ மாட்டீர்களோ, கப்பலிலிருந்து சிங்கப்பூரில் இறங்கி லாயாங் லாயாங்குக்கு வேலைக்கு வந்தவர், அதற்கு மேலே ஒரு ஸ்டேஷன்கூடப் போனதில்லை. எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், என்ன கட்டணம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பாஸைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, யாரோ பரிசோதிக்க வரப்போகிறார்கள் என்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நானும் மக்சிக்கும் எதிரில் உட்கார்ந்து கடலை தின்றோம்.

வண்டி நின்றது. அவர் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் ரெங்கமா?"

"ஆமாங்க."

"ரெங்கம் இவ்ளோ சின்னதா! எத்தன டிக்கெட்டு குடுத்திருக்கேன் இதுக்கு!" என்றவர் எழுந்து கதவருகில் போய் நின்றார். அதற்குப் பிறகு அவரை உட்காரவைக்க முடியவில்லை. குளுவாங்கில் இறங்கிப் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வண்டி ஊதின பிறகு ஏறினார். என் உயிர் போய்த் திரும்பியது. "அந்த மரத்தப் பாரேன்" என்று வழியெல்லாம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரப்பர் மரந்தானே என்று நான் கேட்கவில்லை. ஒன்றுபோல நிற்கிற அத்தனை மரத்திலும் அவருக்கு என்னவோ தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

பாலோவில் அன்றைக்கு வெயில். ஸ்டேஷன் மாஸ்டரின் பசுவுக்கு நெற்றியில் திருநீறு பூசி நிறுத்தியிருந்தார்கள். கம்பீரமாகப் பார்த்தது, நடந்ததெல்லாம் அதற்கும் தெரியும் போல. சுடச்சுடப் பித்தளைத் தம்ளரில் பால் வந்தது. நாங்கள் குடித்து முடிக்கும்வரை மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். மக்சிக் வாயைத் துடைத்துவிட்டு, மலாயில் தெரிந்த புகழ்ச்சிகளையெல்லாம் அந்த மாட்டின் காதில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "எழுதும்" என்றார் மாஸ்டர் என்னிடம். "எண்ணாமல் எழுதும்."

திரும்பி வரும்போது மக்சிக் தூங்கிவிட்டாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே ஒரு மூலையில் துக்கமாகவும் இருந்தது. மாஸ்டர் சமாதானமாகிவிட்டார். பத்திராதிபர் மனசு எப்படியோ? பக்கத்தைத் தருவாரோ, இந்த வம்பே வேண்டாம் என்று ஊறுகாய்க்கே என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ? வந்த காரியம் முடிந்தது. அடுத்த காரியம் கையில் இல்லை. லாயாங் லாயாங் நெருங்க நெருங்க, என் வாசல் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் கதவருகிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைமயிரெல்லாம் காற்றில் கலைந்து, முகத்தில் என்ஜின் கரி ஒட்டி, அவரைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

"யோங் பெங்குன்னு ஒரு ஊரு இருக்காமே" என்றார். "அங்க ரயிலு போகாது. குளுவாங்குல எறங்கி பஸ்ஸு புடிக்கணுமாம். அடுத்த மாசம் போலாமா?"

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். ரயில் போகாத ஊருக்கு, பாஸ் செல்லாத ஊருக்கு, நமக்கு யாருமே இல்லாத ஊருக்கு.

"பத்திராதிபர் இன்னும் ஒண்ணும் சொல்லலையேங்க" என்றேன்.

"அவரை யாரு கேட்டா?" என்றார்.